உப்புக் காற்றையும் ஜெனரேட்டரையும் தாங்கும் டயோடு: வீட்டில் கட்டும் ஆம்ப்ளிபயருக்கு ரெக்டிபயர் தேர்ந்தெடுப்பது எப்படி

ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிபயருக்கு டயோடு வாங்கப் போனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை ஆம்ப்?" என்பதுதான். அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பி வாங்கிய டயோடு ராமநாதபுரம் கடலோரத்தில் நீண்ட நாள் உழைக்காது. இங்கே டயோடைச் சாகடிப்பது பெரும்பாலும் சராசரி கரண்ட் அல்ல. சுவிட்ச் போட்ட அந்த நொடியில் காலிக் கண்டன்சருக்குள் பாய்கிற கரண்ட்தான் முதல் எதிரி. அடுத்தது, திருவிழா ஜெனரேட்டரில் சீரியல் லைட் முழுவதும் ஒரே நேரத்தில் அணையும்போது எகிறுகிற வோல்டேஜ். இவை இரண்டையும் தாண்டிவிட்டால், லீடை, அதாவது டயோடின் கம்பிக் காலை, மெல்ல மெல்லத் தின்கிற உப்பு காத்திருக்கிறது. இவற்றுக்குக் கணக்குப் போட்டு வாங்கினால் சராசரி ஆம்ப் தானாகவே சரியாக அமைந்துவிடும்.

கணக்கு கையில் பிடிபட ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். டிடிஏ7294 ஐசி போர்டு இரண்டு, 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டு, 24-0-24 வோல்ட் 4 ஆம்ப் டிரான்ஸ்பார்மர், நான்கு டயோடு பிரிட்ஜ், பிளஸ் பக்கம் 10,000 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்) கண்டன்சர், மைனஸ் பக்கம் 10,000 எம்எஃப்டி. பரமக்குடியிலும் ராமநாதபுரத்திலும் வீட்டு உபயோகத்துக்குக் கட்டுகிறவர்களுக்கு இது பழகிய அளவு. உங்களுடையது வேறு என்றால் எண்களை மட்டும் மாற்றிப் போடுங்கள், வழி ஒன்றேதான்.

வோல்டேஜ்: நோட்டில் எழுதியதை நம்பாதீர்கள்

டிரான்ஸ்பார்மரில் 24 என்று எழுதியிருப்பது 230 வோல்ட் சப்ளையில், முழு லோடில் கிடைக்கும் ஏசி. அதை 1.414-ஆல் பெருக்கினால் பீக், அதாவது அலையின் உச்சி, 33.9. டயோடில் 0.9 வோல்ட் போக 33 வோல்ட் டிசி. பெரும்பாலானவர்கள் நோட்டில் எழுதுவது இதோடு முடிந்துவிடும்.

நிஜத்தில் பாட்டு ஓடாதபோது லோடு இல்லை. இந்த அளவு டிரான்ஸ்பார்மரில் அப்போது சுமார் 8 சதவீதம் கூடுதலாக வரும், அதாவது 25.9. ஊர் அடங்கிய பிறகு லைனில் 250 வோல்ட் ஏறினால் அது 28.2 ஆகும், பீக் 39.8. ஏர்வாடி சந்தனக்கூடு, ஓரியூர்த் திருவிழா மாதிரி இடத்தில் ஜெனரேட்டரில் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். பெரிய லோடு சட்டென்று விலகியதும் ஜெனரேட்டர் ஒரு கணம் 270 வோல்ட் தள்ளினால் பீக் 43-க்குப் போய்விடும்.

இப்போது டயோடு. சென்டர் டேப் (24-0-24-இல் நடுவில் உள்ள 0 முனை) வைத்த பிளஸ்-மைனஸ் சப்ளையில் டிரான்ஸ்பார்மரின் ஒரு முனை +43-இல் இருக்கும்போது மறு முனை −43-இல் இருக்கும். பிளஸ் கண்டன்சரில் 43 நிற்கிறது. அந்த மறு முனையில் கடத்தாமல் நிற்கிற டயோடின் ஒரு பக்கம் +43, இன்னொரு பக்கம் −43. ஆக அது தலைகீழாகத் தாங்க வேண்டியது 86 வோல்ட், 43 அல்ல. பாதி வோல்டேஜுக்குக் கணக்குப் போட்டு 100 வோல்ட் டயோடு வைத்துவிடும் தவறு இந்த இடத்தில்தான் நடக்கிறது. சென்டர் டேப்போடு இரண்டே டயோடு வைத்த சிங்கிள் சப்ளைக்கும் இதே இரட்டைக் கணக்குதான். சென்டர் டேப் இல்லாத ஒற்றைச் சுற்றில் பிரிட்ஜ் வைத்தால் மட்டும் ஒரு பீக் போதும்.

86-க்கு மேல் லைனில் வரும் திடீர் ஏற்றத்துக்கும் இடம் விடுங்கள். ஒரே லைனில் ஐஸ் கம்பெனி மோட்டார் ஓடுகிற ஊர்களில் ஆன்-ஆஃப் ஆகும் ஒவ்வொரு முறையும் ஸ்பைக் வரும். ஐப்பசி, கார்த்திகை இடி மழையைச் சொல்லவே வேண்டாம். கணக்கில் வந்ததைப் போல் இரண்டு மடங்குக்குக் குறையாமல் எடுங்கள். இந்த உதாரணத்துக்கு 200 வோல்ட் குறைந்தபட்சம், 400 நிம்மதி. சாதாரண டயோடுகளில் 400-க்கும் 1000-க்கும் விலை வித்தியாசம் சில்லறைக் காசுதான் என்பதால் 1000 வோல்ட் வாங்கிவிடுவதே வழக்கம். தவறில்லை.

டயோடைத் தாண்டி ஒரு விஷயத்தையும் இங்கேயே சொல்ல வேண்டும். டிடிஏ7294 வேலை செய்யும்போது ±40 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. மேலே பார்த்த கணக்குப்படி 24-0-24 அந்த விளிம்பில் நிற்கிறது. காயில் சுற்றுகிறவரிடம் 22-0-22 கேளுங்கள். ஜெனரேட்டர் 270 தள்ளினாலும் 39.4-இல் நிற்கும். சத்தத்தில் குறைவது காதுக்குத் தெரியாது, ஐசி பிழைக்கும்.

சராசரி கரண்ட்: சுலபமான பாகம்

8 ஓமில் 50 வாட் என்றால் ஸ்பீக்கரில் பீக் கரண்ட் 3.5 ஆம்ப். ஒரு ரெயிலில் (பிளஸ் அல்லது மைனஸ் டிசி லைன்) இருந்து சராசரியாக இழுப்பது அதை 3.14-ஆல் வகுத்தது, 1.13 ஆம்ப். இரண்டு சேனலுக்கு 2.25. ஒவ்வொரு ரெயிலுக்கும் இரண்டு டயோடு மாறி மாறி வேலை செய்வதால் ஒரு டயோடுக்குச் சராசரி 1.13. இது இடைவிடாத சைன் அலைக்கான கணக்கு. பாட்டுக்கு இதில் பாதிகூட வராது. 4 ஓம் ஸ்பீக்கர் போட்டு அதே வோல்டேஜில் ஓட்டினால் எல்லாமே இரட்டிப்பாகும்.

முதல் நொடி

சுவிட்ச் போடும் கணத்தில் கண்டன்சர் காலி. டயோடைப் பொறுத்தவரை எதிரே ஷார்ட் சர்க்யூட். அந்தக் கரண்டைத் தடுக்க இருப்பது டிரான்ஸ்பார்மர் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் மட்டுமே. ஆகவே அதை அளந்தே ஆக வேண்டும்.

மெயின்ஸில் இருந்து கழற்றிவிட்டு மீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வையுங்கள். முதலில் இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் குறித்து, அளக்கும் ஒவ்வொன்றிலும் கழியுங்கள். பிரைமரி (230 வோல்ட் பக்கச் சுற்று) நன்றாக அளக்க வரும். செகண்டரி (24-0-24 பக்கச் சுற்று) 1 ஓமுக்கும் கீழே இருப்பதால் மீட்டர் தடுமாறும். அதற்கு வேறு வழி இருக்கிறது: 12 வோல்ட் பேட்டரி, வண்டியின் 21 வாட் பிரேக் லைட் பல்ப், செகண்டரியின் ஒரு பாதி, மூன்றையும் தொடராக இணையுங்கள். சுமார் 1.7 ஆம்ப் ஓடும். அந்தக் கரண்டையும், சுற்றின் இரு முனைக்கு இடையே வரும் வோல்டேஜையும் அளந்து வகுத்தால் ஓம் கிடைக்கும். அரை வோல்ட் வந்தால் 0.3 ஓம். பேட்டரியைக் கழற்றும் கணத்தில் பிரைமரி முனைகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் உதைக்கும், அவற்றில் கை படக்கூடாது.

நம் உதாரணத்தில் பிரைமரி 9 ஓம், செகண்டரி ஒரு பாதி 0.3 ஓம் என்று வைப்போம். பிரைமரியின் 9 ஓம் செகண்டரிப் பக்கத்தில் அப்படியே தெரியாது. சுற்று விகிதம் 230-ஐ 24-ஆல் வகுத்தது, 9.6. அதன் வர்க்கம் 92. ஒன்பதை 92-ஆல் வகுத்தால் 0.1 ஓம். பிளஸ், மைனஸ் இரண்டு கண்டன்சரும் ஒரே நேரத்தில் சார்ஜ் ஆவதால் இதை இரட்டித்து 0.2. மொத்தம் 0.5 ஓம். சுவிட்ச் போட்ட நேரம் அலையின் உச்சியாக அமைந்துவிட்டால், லோடு இல்லாத பீக் 37 வோல்ட்டை 0.5-ஆல் வகுத்து 74 ஆம்ப்.

டயோடின் டேட்டா ஷீட்டில் சர்ஜ் கரண்ட் என்று ஒரு வரி இருக்கும். ஏசி அலையின் ஒரே ஒரு அரைச் சுற்றுக்கு அது தாங்கும் உச்சம். 1என்4007-க்கு அது 30 ஆம்ப். "1 ஆம்ப் டயோடு, 1.13 ஆம்ப் சராசரி, பாட்டுக்குத்தானே, போதும்" என்று அதை வைக்கிறவர்கள் தோற்பது இங்கேதான். அன்றே போகாது. நூறு முறை சுவிட்ச் போட்டுத் தப்பிக்கலாம், நூற்றியோராவது முறை அலையின் உச்சியில் மாட்டும். 1என்5408-க்கு சர்ஜ் 200 ஆம்ப். இந்த உதாரணத்துக்கு அது தாராளம்.

அதே கணக்கை 500 விஏ டோராய்டு (வளைய வடிவ) டிரான்ஸ்பார்மருக்குப் போட்டுப் பாருங்கள். 35-0-35, பிரைமரி 1.8 ஓம், ஒரு பாதி 0.08 ஓம் என்றால் மொத்தம் 0.164 ஓம்தான். லோடு இல்லாத பீக் 53 வோல்ட். 320 ஆம்புக்கு மேல் வருகிறது! 1என்5408 இதற்கு ஆகாது. 400 ஆம்ப் தாங்கும் கேபிபிசி3510 பிரிட்ஜுக்கும் பெரிய இடைவெளி மிச்சமில்லை. கண்டன்சர் 22,000-க்கு மேல் போனால் சார்ஜ் ஆக ஒன்றுக்கு மேற்பட்ட அரைச் சுற்று ஆகும். தொடர்ந்து வரும் அடிகளுக்கு டயோடின் தாங்குதிறன் 400-இல் இருந்து இறங்கிக்கொண்டே போகும். அந்த அளவில் டயோடைப் பெரிதாக்கிக்கொண்டே போவதைவிட, முதல் பாய்ச்சலை அடக்கித் தொடங்கும் சாஃப்ட் ஸ்டார்ட் வைப்பதே புத்திசாலித்தனம்.

சாஃப்ட் ஸ்டார்ட்டுக்குப் பலரும் பிரைமரியில் 10 ஓம் என்டிசி ஒன்றைத் தொடராகப் போட்டு முடித்துவிடுவார்கள். அது குளிர்ந்திருக்கும்போது 320 ஆம்பை 85-க்குள் இறக்கிவிடும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது என்டிசி சூடாகி அதன் ரெசிஸ்டன்ஸ் விழுந்துவிடும். கரண்ட் போய் ஐந்து நொடியில் திரும்பி வந்தால் அது இன்னும் சூடாகவே இருக்கும், காப்பு இல்லை. அந்த இடைவெளியில் பாட்டு ஓடியதில் கண்டன்சர் மட்டும் காலியாகியிருக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஒரு மாலையில் நான்கு முறை கரண்ட் போய் வரும் ஊருக்கு இது போதாது. 47 ஓம் 10 வாட் வயர்வவுண்டு ரெசிஸ்டரைத் தொடராக வைத்து, ஒன்றரை நொடி கழித்து அதைத் தாண்டிப் போகும்படி ரிலே போடுங்கள். கரண்ட் போனதும் ரிலே விழுந்துவிடும், திரும்பி வரும்போது ரெசிஸ்டர் வழியாகத்தான் தொடங்கும். 320 ஆம்ப் 25-க்குள் அடங்கிவிடும்.

கண்டன்சரைக் கூட்டிக்கொண்டே போகிற ஆசைக்கும் இங்கே கடிவாளம் போட வேண்டும். 2.25 ஆம்ப் இழுக்கும்போது 10,000 எம்எஃப்டியில் ரிப்பிள், அதாவது டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம், 2.25 வோல்ட். 47,000 போட்டால் அரை வோல்ட்டுக்கும் கீழே வரும், உண்மைதான். ஆனால் கண்டன்சர் பெரிதாகப் பெரிதாக டயோடு கடத்தும் நேரம் சுருங்கி, அதே கரண்ட் குறுகிய, உயரமான துடிப்பாக வரும். டயோடும் டிரான்ஸ்பார்மரும் கூடுதலாகச் சூடேறும். இந்த அளவு ஆம்ப்ளிபயருக்கு ஒரு பக்கம் 10,000 நல்ல அளவு.

எந்த நம்பர் வாங்குவது

டிடிஏ2030 போர்டு இரண்டு, 12-0-12 டிரான்ஸ்பார்மர் என்றால் 1என்5402-க்கு மேல் எதுவும் சரி. 4 ஓமில் இரண்டு சேனல் முழுச் சத்தத்தில் ஒரு டயோடுக்கு 0.84 ஆம்ப் வரும். சித்திரை வெயிலில் பெட்டிக்குள் 55 டிகிரி இருக்கும்போது 1 ஆம்ப் டயோடுக்கு அது மிகவும் நெருக்கம். 1என்4007 இரண்டை பேரலலாகப் போட்டு 2 ஆம்ப் ஆக்கலாம் என்று சொல்வார்கள். செய்யாதீர்கள். இரண்டில் ஒன்று கொஞ்சம் கூடுதலாகக் கடத்தும், அதனால் சூடாகும். சூடானால் அதில் விழும் வோல்டேஜ் குறையும், அதனால் இன்னும் கூடுதலாகக் கடத்தும். கடைசியில் ஒன்றே முழுப் பாரத்தையும் சுமந்து போய்விடும்.

நம் டிடிஏ7294 உதாரணத்துக்கு 1என்5408 நான்கு போதும். 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டும் எண்ணம் இருந்தால் 6ஏ10 நான்கு. அது 6 ஆம்ப், சர்ஜ் 400. தனித்தனி டயோடு வேண்டாம் என்றால் ஜிபியு808 தட்டையான பிரிட்ஜ், சின்ன அலுமினியத் துண்டோடு. 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 டிரான்சிஸ்டர் ஜோடிகள் வைத்த பெரிய போர்டுக்கு யோசிக்காமல் கேபிபிசி3510. இரும்புச் சதுரம் மாதிரி இருப்பதால் பலருக்கு அது அளவுக்கு மீறியதாகத் தோன்றும். ஆனால் அதன் அடிப்பக்கம் உள்ளிருக்கும் டயோடில் இருந்து இன்சுலேட் செய்யப்பட்டது, கரண்டைத் தடுக்கும் மைக்காத் தகடு வேண்டாம், சேசிஸில் நேரே முடுக்கலாம். கடலோரத்துக்கு நாங்கள் முதலில் சொல்வது அதைத்தான்.

கடையில் பார்க்க வேண்டியவை

மதுரை டவுன்ஹால் ரோட்டில் வாங்கினாலும் சென்னை ரிச்சி தெருவில் இருந்து தருவித்தாலும், மேலே அச்சிட்ட எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். எண்ணை அழித்து மாற்றி அச்சிட்டவை எங்கும் உண்டு. 1என்5408-இன் உடம்பு சுமார் 9 மி.மீ. நீளம், 5 மி.மீ. தடிமன், லீடு 1.2 மி.மீ.-க்கு மேல். லீடு குண்டூசி மாதிரி மெல்லியதாக இருந்தால் உள்ளே இருப்பது 3 ஆம்ப் அல்ல. 6ஏ10 இன்னும் குண்டு, நீளமும் தடிமனும் ஏறக்குறைய 9 மி.மீ.

கையில் சின்னக் காந்தம் ஒன்று கொண்டு போங்கள். பவர் டயோடின் லீடு செம்பாக இருக்க வேண்டும், மேலே வெள்ளீயப் பூச்சு. காந்தம் ஒட்டினால் அது பூச்சடித்த இரும்பு. உள்நாட்டில் அதுவும் ஓடும். பாம்பனிலும் மண்டபத்திலும் ஓடாது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் இரும்பையே அரித்த காற்று இது. இரும்பு லீடு டயோடின் உடம்போடு சேரும் இடத்தில் முதலில் துரு பிடித்து, தொட்டால் முறியும். கண்ணாடி உடம்பு கொண்ட சின்ன சிக்னல் டயோடுகளில் காந்தம் ஒட்டுவது இயல்பு, அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் மீட்டரின் டயோடு ரேஞ்சில் 0.5 முதல் 0.6 வரை ஒரு பக்கம் காட்ட வேண்டும், மறுபக்கம் ஒன்றும் காட்டக்கூடாது. மீட்டர் சொல்வது இவ்வளவுதான். 1000 வோல்ட் தாங்குமா என்று அது சொல்லாது. மோட்டார் காயில் கட்டும் கடையில் 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) இருக்கும். 1000 வோல்ட் என்று விற்ற டயோடை அதில் இரு பக்கமும் மாற்றி வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பூஜ்யம், மறுபக்கம் முள் முழுதாகத் திறந்த நிலை. இரண்டாவது பக்கத்தில் முள் இறங்கினால் வாங்கிய டயோடுக் கட்டு முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொரு சோதனை, நம்பிக்கையான பழைய 3 ஆம்ப் டயோடோடு ஒப்பிடுவது. மேலே சொன்ன பேட்டரி, பிரேக் லைட் பல்போடு இரண்டையும் தொடராக வைத்து, ஒவ்வொன்றிலும் விழும் வோல்டேஜைப் பாருங்கள். புதியது 0.1 வோல்ட்டுக்கு மேல் கூடுதலாகக் காட்டினால் உள்ளே சில்லு சிறியது.

வேக டயோடு வேண்டுமா?

எம்யூஆர்860 போட்டால் சத்தம் திறக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. 8 ஆம்ப், 600 வோல்ட், 60 நானோ நொடியில் அடைபடும் நல்ல டயோடு அது. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு (உயர் அதிர்வெண்ணில் ஓடும் பவர் சப்ளை) அது இல்லாமல் முடியாது. 50 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்பார்மர் சப்ளையில் அது ஹம்மைக் குறைக்காது. ஹம் வருவது பெரும்பாலும் எர்த் இணைத்த விதத்தால். தவிர, எம்யூஆர்860-இன் உலோக முதுகு கேத்தோடோடு (டயோடில் கரண்ட் வெளியேறும் முனை) இணைந்தது. மைக்கா போட்டு ஹீட் சிங்கில் முடுக்க வேண்டும். உப்பு படிந்து ஈரம் ஏறும் இடத்தில் மைக்கா ஓரத்தில் கசிவு ஒரு நிரந்தரக் கவலை. அந்தப் பணத்தை நல்ல டிரான்ஸ்பார்மருக்குக் கொடுங்கள்.

சாதாரண டயோடுக்கு ஒரு குறை உண்டு, மறுப்பதற்கில்லை. கடத்தி முடித்து அடைபடும்போது டக்கென்று வெட்டும். அந்த வெட்டில் டிரான்ஸ்பார்மர் சுற்று உயர் அதிர்வெண்ணில் மணி மாதிரி ஒலிக்கும். பேட்டரியில் ஓடும் மீடியம் வேவ் ரேடியோவை ஆம்ப்ளிபயர் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிலையம் இல்லாத இடத்தில் "கர்ர்" என்று ஒரு இரைச்சல் கேட்டு, ஆம்ப்ளிபயரை அணைத்ததும் நின்றால் அதுதான். மருந்து மலிவு. செகண்டரியின் ஒவ்வொரு முனைக்கும் சென்டர் டேப்புக்கும் நடுவே 0.01 எம்எஃப்டி ஒன்று. அதற்குப் பேரலலாக, 0.15 எம்எஃப்டியும் 47 ஓம் அரை வாட்டும் தொடராக. இரண்டும் 250 வோல்ட் பாலியஸ்டர். ரெசிஸ்டர் இல்லாமல் வெறும் கண்டன்சரை டயோடு மேல் ஒட்டிவிட்டால் மணியின் சுருதி இறங்குமே தவிர, நிற்காது.

ஷாட்கி டயோடு (தன்னில் குறைவான வோல்டேஜே விழும் வகை) பயன்படுவது குறைந்த வோல்டேஜில் மட்டும். எல்ஏ4440 போர்டை 9-0-9 டிரான்ஸ்பார்மரில் இரண்டு டயோடு வைத்து ஓட்டும்போது அரை வோல்ட் மிச்சமாவது பெரிய விஷயம். (12-0-12 போட்டால் லோடு இல்லாதபோது அந்த ஐசியின் 18 வோல்ட் எல்லையைத் தாண்டும்.) 1என்5822 தலைகீழாக 40 வோல்ட் மட்டுமே தாங்கும். இங்கே ஜெனரேட்டர் கணக்கில் 32 வருகிறது, நெருக்கம். 60 வோல்ட் எஸ்பி560 எடுங்கள். படகில் 12 வோல்ட் பேட்டரியில் பாட்டுக் கேட்கக் கட்டுகிறவர்களும், பேட்டரியை மாற்றி மாட்டினால் ஐசி போகாமல் இருக்க இதையே பிளஸ் வயரில் தொடராகப் போடலாம்.

பொருத்துவது

டயோடின் வெள்ளிக் கோடு உள்ள பக்கம் கேத்தோடு. இரண்டு டயோடின் கோட்டுப் பக்கங்கள் சேரும் இடம் பிளஸ், மற்ற இரண்டின் கோடில்லாத பக்கங்கள் சேரும் இடம் மைனஸ். கேபிபிசி பிரிட்ஜில் வெட்டிய மூலையில், மற்ற மூன்றுக்கும் குறுக்காகத் திரும்பி நிற்கும் காலே பிளஸ். அதற்கு நேர் எதிர் மூலை மைனஸ். மற்ற இரண்டும் ஏசி.

1என்5408 தன் சூட்டை லீடு வழியாகத்தான் வெளியேற்றும். இரு பக்கமும் 10 மி.மீ. லீடு விட்டு, போர்டில் இருந்து 6 மி.மீ. உயர்த்திப் பற்ற வையுங்கள். போர்டில் அதன் ஈயம் சேரும் செம்புப் பட்டை அகலமாக இருக்கட்டும். உடம்பை ஒட்டி வளைக்காதீர்கள். அங்கே விழும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியாகத்தான் ஈரம் உள்ளே போகும்.

முழுச் சத்தத்தில் பிரிட்ஜில் மொத்தம் 4 வாட்டுக்கு மேல் சூடு வரும். கேபிபிசியை தெர்மல் பேஸ்ட் மெல்லியதாகத் தடவி அலுமினியச் சேசிஸில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டால் முடுக்குங்கள். ஸ்டெயின்லெஸும் அலுமினியமும் உப்பீரத்தில் சேர்ந்திருந்தால் அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து அரிக்கும். போல்ட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் தடுக்கலாம். லக்கை (வயர் முனையில் மாட்டும் உலோக இணைப்பு) கிரிம்ப் செய்வதோடு விடாமல் ஈயமும் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். வெறும் லக் பச்சை பூத்து, ரெசிஸ்டன்ஸ் ஏறி, சூடாகி, பிரிட்ஜின் காலையே கருக்கிவிடும். அப்படிப் போன பிரிட்ஜைப் பார்த்து டயோடு சரியில்லை என்று முடிவு கட்டுவார்கள். குற்றம் லக்கினுடையது.

சென்டர் டேப் வயர் நேரே இரண்டு கண்டன்சரும் சந்திக்கும் புள்ளிக்குப் போக வேண்டும். ஸ்பீக்கர் எர்த், போர்டு எர்த் எல்லாம் அதே புள்ளியில் அல்ல, அங்கிருந்து தடித்த ஒரு துண்டு வயர் தள்ளி வரும் அடுத்த புள்ளியில். டயோடின் துடிப்புக் கரண்ட் முதல் புள்ளியோடு முடிந்துவிடும். இதைக் கலந்துவிட்டால், எந்த டயோடு போட்டாலும் 100 ஹெர்ட்ஸ் "ஊம்" நிற்காது.

பற்ற வைத்த பின், ஈயத்தோடு உருகி ஒட்டும் பிளக்ஸ் கறையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பிரஷும் கொண்டு சுத்தமாகக் கழுவுங்கள். பிளக்ஸ் ஈரத்தை இழுக்கும், ஈரம் உப்பை இழுக்கும். காய்ந்ததும் மோட்டார் காயிலுக்கு அடிக்கும் வார்னிஷை மெல்லியதாக இரண்டு கோட் போர்டின் அடியிலும் டயோடு லீடிலும் அடியுங்கள். ஃபியூஸ் ஹோல்டரிலும் கனெக்டரிலும் படக்கூடாது. தங்கச்சிமடம், பாம்பன் மாதிரி கடலை ஒட்டிய வீடுகளில் ஃபேன் வைக்காமல் பெரிய ஹீட் சிங்க் வைப்பதே மேல். ஃபேன் காற்றோடு உப்பையும் உள்ளே இழுத்து, சரியாக டயோடு மேல் கொட்டும்.

முதல் முறை சுவிட்ச் போடும்போது

ஆம்ப்ளிபயர் போர்டுகளை இணைக்காமல், பிரைமரியில் 100 வாட் குண்டு பல்பைத் தொடராகப் போட்டு ஆன் செய்யுங்கள். பல்ப் ஒரு மின்னல் மின்னி மங்க வேண்டும். பிரகாசமாகவே எரிந்தால் உடனே அணையுங்கள். ஒரு டயோடு திருப்பி வைத்திருக்கிறது, அல்லது கண்டன்சர் திருப்பி வைத்திருக்கிறது. சரியாக மங்கினால் இரண்டு ரெயிலையும் அளங்கள். ஒன்றுக்கொன்று 1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. ஒவ்வொரு கண்டன்சருக்கும் குறுக்கே 2.2 கே 2 வாட் ரெசிஸ்டர் வையுங்கள், அணைத்து இரண்டு நிமிடத்தில் சார்ஜ் இறங்கிவிடும். அவசரமாக இறக்க 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் போதும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்வது கண்டன்சரையும் கண்ணையும் கெடுக்கும். பிறகு பல்பை எடுத்துவிட்டு, பிரைமரியில் இந்த டிரான்ஸ்பார்மருக்கு 1.6 ஆம்ப் ஸ்லோ ப்ளோ ஃபியூஸ் போடுங்கள். 5 ஆம்ப் ஃபியூஸ் போட்டால், டயோடு ஷார்ட்டானால் ஃபியூஸுக்கு முன் டிரான்ஸ்பார்மர் போகும்.

போர்டுகளை இணைத்து அரை மணி நேரம் நல்ல சத்தத்தில் ஓட்டி, அணைத்து, சார்ஜ் இறக்கிய பின் பிரிட்ஜ் மேல் விரல் வையுங்கள். இரண்டு மூன்று நொடி பொறுக்க முடிந்தால் சரி. தொட்டதும் கை தானாக விலகினால் தெர்மல் பேஸ்ட் இல்லை, அல்லது போல்ட் தளர்ந்திருக்கிறது.

பழுது வந்தால்

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் ஒரு டயோடு ஷார்ட். அந்த நிலையில் கண்டன்சருக்குள் ஏசி பாய்ந்திருக்கும். அதன் தலை சற்றே உப்பியிருந்தாலும் மாற்றிவிடுங்கள், அது வெடிக்கக் காத்திருக்கிறது. ஃபியூஸ் போகாமல் திடீரென்று ஹம் மட்டும் கூடி, அதன் சுருதியும் தாழ்ந்து 50 ஹெர்ட்ஸாகக் கேட்டால் ஒரு டயோடு திறந்துவிட்டது, அல்லது அதன் லீடு துருவில் முறிந்துவிட்டது. அந்தப் பக்க ரெயிலில் ரிப்பிள் இரண்டு மடங்காகியிருக்கும். டயோடைச் சோதிக்க ஒரு காலையாவது தூக்கி அளங்கள். கண்டன்சர் இணைந்திருக்கும்போது மீட்டர் காட்டும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

நான்கில் ஒன்று போனால் நான்கையும் மாற்றுங்கள். மற்ற மூன்றும் அதே அடியை வாங்கியவைதான். திருவிழாவுக்குக் கொண்டுபோகும் பெட்டியில், லக் ஈயம் வைத்துத் தயாராக்கிய கேபிபிசி3510 ஒன்றை, போல்ட்டும் பேஸ்டும் சேர்த்துச் சின்னப் பிளாஸ்டிக் கவரில் மூடி வைத்திருங்கள். மாற்ற பத்து நிமிடம் ஆகும்.